பரண்மேல் இருக்கும் ஃபைல்

1

இந்தக் கதை என் அக்கா கேட்டு வாங்கியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு பழி என்மேல் விழக்கூடாது. மார்பில் வந்த புற்றுநோய்க்கு அவள் எடுத்துக்கொண்ட சிகிச்சை முடிந்து எட்டு மாதமாகிறது.

"எல்லாரும் முடிஞ்சிடுச்சு முடிஞ்சிடுச்சுங்கறாங்க. எனக்கு முடியலடா. அதை எழுது" என்றாள்.

முதல் தொடக்கம்: 'நோயை வென்று அவள் புதிதாய்ப் பிறந்தாள்.' படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "ஆஸ்பத்திரி நோட்டீஸ் மாதிரி இருக்கு."

இரண்டாவது: 'அன்று மாலை வானம்

(இதை நானே நிறுத்திவிட்டேன். வானத்துக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.)

2

மூன்றாவது தொடக்கம் ஷாம்பு.

அக்காவுக்கு முடி திரும்ப வளர்ந்துவிட்டது, சுருள் சுருளாக. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் காதுக்கு ஃப்ரேமைச் சரிசெய்யும்போது, "இந்த முடி உங்களுக்கு எடுப்பா இருக்கு" என்கிறார்கள். சிரித்து வைக்கிறாள். ஆனால் ஷாம்புவைப் பாக்கெட்டாகத்தான் வாங்குகிறாள். பற்பசையிலும் இருப்பதிலேயே சின்னது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. அதற்குள் தீர்ந்துபோகிற சாமான் மட்டுமே அவள் கையால் வீட்டுக்குள் வரும். பெரிய பாட்டிலைத் தொட்டால், என்ன தைரியம் உனக்கு என்று யாரோ கேட்பதுபோல் இருக்கிறதாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"அப்பல்லாம் பயப்பட ஏது நேரம்? ஊசி, ரத்தம், அடுத்த தேதின்னு ஓடுச்சு. இப்பதான் சும்மா இருக்கேன். அது வந்து பக்கத்துல உக்காந்துக்குது."

"மாமாகிட்ட சொன்னியா?"

"அவர் முகத்தைப் பார்த்தா சொல்ல வாய் வரல."

3

மாமா, அதாவது அக்காவின் கணவர், பதிப்பகத்தில் பிழை திருத்துபவர். நான் எழுதுவதெல்லாம் முதலில் அவருடைய சிவப்புப் பேனாவுக்குத்தான் போகும். சிகிச்சையின் கடைசி நாளன்று நர்ஸுகளுக்கெல்லாம் இனிப்புக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். ஸ்டூலில் ஏறி, தடித்த ஃபைலைப் பரணில் போட்டார். "இனிமே இந்த வீட்டுல ஆஸ்பத்திரிப் பேச்சே கூடாது." ஆசையாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு பரிசோதனைக்கு ஒரு சின்ன அட்டையோடு இரண்டு பேரும் போகிறார்கள்; போகும்போதும் வரும்போதும் டிராஃபிக்கைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள்.

'மாமா எதையும் கவனிக்காத மனிதர்' என்று எழுதினேன். அடித்துவிட்டேன். ஒரு புள்ளி விட்டுப்போனால் எதிர் நாற்காலியிலிருந்தே கண்டுபிடிக்கிறவர், குளியலறை ஆணியில் தொங்கும் பாக்கெட் சரத்தைப் பார்க்காமலா இருப்பார்?*

* இந்த இடத்தில் அவர் ஓரத்தில் 'மிகை' என்று எழுதுவார். எழுதட்டும்.

4

போன வாரம் மாமா வேலைக்குப் போயிருந்தபோது, பெட்டி ஒன்றை எடுக்க அக்கா அதே ஸ்டூலில் ஏறினாள். பெட்டிமேல் விரல்கனத்துக்குத் தூசி. பழைய மின்விசிறிமேலும் தூசி.

"ஃபைல் மேல மட்டும் தூசியே இல்லடா. கடைசி ரிப்போர்ட் மூலை நைஞ்சு போயிருக்கு. எத்தனை தடவை எடுத்துப் படிச்சாரோ."

அதை இருந்தபடியே வைத்துவிட்டு, ஸ்டூலிலேயே உட்கார்ந்து அழுதாளாம். அதையும் அவரிடம் அவள் சொல்லவில்லை.

5

முடிவுகள்.

அ) அடுத்த பரிசோதனையின் ரிசல்ட் வருகிறது. நல்லதாக. அக்கா தடுத்துவிட்டாள். "அதை முடிவா வைக்காத. அது எனக்கு மூணு மாசத்துக்கு ஒருக்கா வருது."

ஆ) மாமா ஃபைலை இறக்கி மேஜையில் வைக்கிறார். வைத்துவிட்டு, அவளிடம்

இதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை. எட்டு மாதம் ஒளிந்து ஒளிந்து படித்த மனிதர் என்ன சொல்வார் என்பதை நான் இட்டுக்கட்டினால், அது என் பேச்சாகத்தான் இருக்கும்.

ஆகவே முடிவை வாசகரிடமே விடுகிறேன். வாசகர் என்று பொதுவாகச் சொல்லவில்லை. வழக்கம்போல இதை முதலில் படிக்கிறவரைச் சொல்கிறேன்.

மாமா, பேனாவை மூடிவையுங்கள். மிச்சப் பிழைகளை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். இதில் உள்ள ஒவ்வொரு வரியும் அக்கா படித்துச் சரி என்றது. அவள் இப்போது உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் கடைசிப் பக்கத்தில் இருப்பது அவளுக்குத் தெரியும். ஒரே சட்டையை மூன்றாவது தடவையாக மடித்துக்கொண்டிருப்பாள்.