ஆளுக்குப் பத்தாத வால்வு

1

இந்தக் கதைக்கு மூலதனம், காபிக் கடையில் பக்கத்து மேசையிலிருந்து என் காதில் விழுந்த ஒரே ஒரு வரிதான். காபியை ஆறவிட்டு வெறித்துக்கொண்டிருந்த ஓர் அறுவை மருத்துவர் தன் கூட்டாளியிடம் சொன்னார்: "வால்வு நல்லாத்தான் இருக்கு. ஆளுக்குத்தான் பத்தல." மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அறுவை அறையின் கதவு திறந்தது. சின்ன வால்வா, பெரிய வால்வா என்று மருத்துவர் நோயாளியின் கணவனிடம்...'

[அடித்துவிட்டேன். நெஞ்சைத் திறந்து போட்டுவிட்டு யாரும் வெளியே வந்து யோசனை கேட்கமாட்டார்கள். அந்தப் பாரம் மருத்துவர் தலையில்தான்.]

3

ஆகவே அவர் தலைக்குள் போவோம். இதயம் நிறுத்தப்பட்டிருக்கிறது. பழைய வால்வை வெட்டியெடுத்த இடத்தில் அளவு வளையத்தை நுழைத்துப் பார்க்கிறார். இருபத்தொரு மில்லிமீட்டர் போகவில்லை. பத்தொன்பது பதவிசாக உட்கார்ந்தது. படுத்திருப்பவளோ வாலிபால் பயிற்சியாளர். ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. 'நெட்டை' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அந்த உடம்புக்குப் பத்தொன்பது என்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

(பெருந்தமனியின் அடியைக் கீறி, ஒட்டுப்போட்டு அகலப்படுத்தினால் பெரிய வால்வை வைக்கலாம். அதற்கு இதயம் இன்னும் கூடுதல் நேரம் நின்றிருக்க வேண்டும். நின்றது திரும்ப ஓடாமலும் போகலாம்.)

"பத்தொன்பது குடுங்க," என்றார். அவள் பிழைத்துக்கொண்டாள்.

[இங்கேயே நிறுத்தியிருந்தால் சுபம். கை கேட்டால்தானே.]

4

சில மாதங்கள் கழித்து, மருத்துவரின் அறை. கணவன் முந்திக்கொண்டான்.

"நீங்களே சொல்லுங்க டாக்டர். வால்வு நல்லா வேலை செய்யுதுன்னு போன தடவையே சொன்னீங்கல்ல? இவதான் சும்மா பயந்துக்கிட்டு..."

"பாதி மைதானம் ஓடுறதுக்குள்ள மூச்சு வாங்குது," என்றாள் நெட்டை. "பிள்ளைங்க பாத்துடக் கூடாதுன்னு ஷூ நாடா கட்டுற மாதிரி குனிஞ்சுக்கறேன்."

என்ன அளவு வைத்தீர்கள் என்று கேட்டுவிடுவாளோ என்றுதான் மருத்துவருக்குப் பயம். அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தார். அவள் கேட்டது வேறு.

"எனக்கு மனசுலதான் கோளாறா டாக்டர்? வீட்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. நானும் நம்ப ஆரம்பிச்சுட்டேன்."

5

ஒரு முடிவு: "நடைப்பயிற்சியக் கொஞ்சம் கூட்டுங்க," என்கிறார். "பாத்தியா?" என்கிறான் கணவன். அவள் தலையாட்டுகிறாள். [எழுதிய கையோடு அடித்துவிட்டேன்.]

இன்னொன்று: உண்மையைச் சொல்லிவிடுகிறார். மறுபடியும் நெஞ்சைத் திறக்கும் பேச்சு வருகிறது. இந்த முறை அவள்... [முடிக்கத் தைரியமில்லை.]

அன்று அறுவை அறையில் அவர் செய்தது தவறா, உயிர் காத்த காரியமா? எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் அவள் அதைக் கேட்கவே இல்லையே. நாற்காலி நுனியில் உட்கார்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கிறாள். ஆமாம், உங்கள் முகத்தைத்தான். மருத்துவரை எழுப்பிவிட்டு அவர் நாற்காலியில் உங்களை உட்காரவைத்துவிட்டேன். கோளாறு அவள் மனதில் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

சொல்லுங்கள்.