ஐந்தாம் இணைப்பு

ஒரே ஒரு காகிதம்தான் குறைந்தது. மதிப்பெண் பட்டியல் இருந்தது, கட்டுரை இருந்தது, நேர்காணலில் முதலிடம்கூட இருந்தது. எல்லாச் சமயங்களையும் ஒன்றாக வைத்துப் படிக்கும் முதுகலைப் படிப்பு அது. அதில் சேருகிறவள் தன் சொந்தச் சமயத் தலைவரிடம் கடிதம் வாங்கி வர வேண்டுமாம். ஐந்தாம் இணைப்பு. இந்த விதியை எழுதிய புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும்!

அவளுக்கு ஏது சமயம்? அம்மா ஒரு சபையில் பிறந்தவள். அப்பா குடும்பம் ஒரு மடத்தைச் சேர்ந்தது. கல்யாணம் கட்டிக்கொண்ட அன்றே இரண்டு பக்கமும் கைகழுவிவிட்டது. இருபத்தாறு வருஷமாக நல்லது கெட்டதற்கு ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. இவர்கள் இருவருக்கும் ஒத்துப்போகிறது, மற்றவர்களுக்கு ஏன் ஆகவில்லை என்று சின்ன வயதிலிருந்தே நச்சரித்ததில், வீட்டில் அவளுக்குக் 'கேள்விப்பெட்டி' என்றே பெயர். அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் படிப்பு. வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

மடத்தில், "உங்கம்மா பக்கம் போய்க் கேளும்மா" என்றார்கள். சபையில், "உங்கப்பா பக்கம் கேட்டுப் பாரு" என்றார்கள். பந்தாடிவிட்டார்கள்.

கல்லூரி குமாஸ்தா வேறு, "எந்த மதமும் இல்லாத பொண்ணுக்கு மதங்களுக்கு நடுவுல என்னம்மா வேலை?" என்று சிரித்தார். வெள்ளிக்கிழமை மதியத்தோடு கெடு முடிகிறது.

வியாழக்கிழமை அம்மா யாரிடமும் சொல்லாமல் சபைக்குப் போய் வந்தாள். ஒட்டிய உறை ஒன்றை மேஜைமேல் வைத்தாள்.

"எப்படிம்மா குடுத்தாங்க?"

"கேட்டேன், குடுத்தாங்க. பிரிக்காதே. அப்படியே குடுத்துடு."

சொல்லிவிட்டு அடுப்பைத் துடைக்கப் போனாள். ஏற்கெனவே துடைத்த அடுப்பு.

மறுநாள் அப்பா தானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, வழியெல்லாம் பேச்சு. குமாஸ்தா உறையைக் கிழித்து உரக்கப் படிக்க ஆரம்பித்தார்.

"தன் திருமணம் பாவமென்று சபையின் முன் மண்டியிட்டு ஒப்புக்கொண்டு, இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் மனம் திரும்பி வந்த பெண்ணின் மகள் இவள்..."

அவருக்கே குரல் இறங்கிவிட்டது.

"குடுங்க சார், எனக்கு வேண்டாம்" என்று அவள் கையை நீட்டினாள். அப்பா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"சீல் போடுங்க சார்."

"அப்பா, வேண்டாம்ப்பா."

"உங்கம்மா மண்டி போட்டு வாங்கினது. வீணாக்காதே."

சீல் விழுந்தது. இடம் கிடைத்துவிட்டது. நாசமாய்ப் போன இடம்!

வீடு திரும்பியபோது அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"சேத்துக்கிட்டாங்களா?"

"சேத்துக்கிட்டாங்க" என்றார் அப்பா, குனிந்து செருப்பைக் கழற்றியபடி.

"லெட்டரப் படிச்சாங்களா?"

"இல்ல. பிரிக்கவே இல்ல. அப்படியே ஃபைல்ல வச்சுட்டாங்க."

அம்மாவுக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது. "சாப்பிட வாங்க" என்றாள்.

"பசிக்கல" என்று அம்மாவின் முகத்தைப் பார்க்காமலேயே சொல்லிவிட்டு, அப்பா உள்ளே போனார்.