பன்றி நாள் இனிப்பு

இசுருகி அம்மாள் எதற்கும் தேதி சொல்ல மாட்டார். தேதி என்பது பல் டாக்டரிடம் நேரம் வாங்குகிறவர்களுக்கு. கனசாவா நகரத்தில், பழைய சாமுராய்த் தெருவின் மண்சுவர் வீட்டில் உட்கார்ந்து தேநீர்க் கலை சொல்லித்தருகிற ஒரு குரு, ஒரு சென்செய், ‘ஒன்பதாம் தேதி’ என்று வாயைத் திறந்து சொல்ல முடியுமா? ஆகவே அடுப்புத் திறப்பு விருந்துக்கு மட்சுனோயா இனிப்புக் கடைக்குப் போன் போட்டவர், “குளிர்காலத்து முதல் பன்றி நாளுக்கு, பன்றிக்குட்டி மோச்சி” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். குளிருக்கு முதன்முதலாக அடுப்பைத் திறக்கிற அந்த நாளில் பன்றிக்குட்டி போல் உருட்டிய மோச்சியை, அந்த அரிசிமாவு இனிப்பை, தின்றால் வீட்டில் தீப்பிடிக்காது என்பார்கள்.

நாள்களுக்குப் பன்னிரண்டு விலங்குகளின் பெயர் உண்டு; ஆகவே பன்றி நாள் பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை சுற்றி வரும். தேநீர்க்காரர்கள் நவம்பரில் முதலில் வருவதை எடுத்துக்கொள்வார்கள். மட்சுனோயாக்காரரோ, அம்மாள் வாய்க்கு வாய் பழைய முறை, பழைய முறை என்கிறவராயிற்றே என்று, மரியாதையாகப் பழைய பஞ்சாங்கத்தையே எடுத்துப் புரட்டினார். அதன்படி குளிர்காலம் இன்னும் பிறக்கவே இல்லை. அடுத்த பன்றி நாளுக்கு வேலையைத் தள்ளி வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தார்.

இந்த நிம்மதி அம்மாளுக்குத் தெரியவந்தது விருந்து நாள் பகலில்தான். விருந்தாளிகள் வர ஒரு மணி நேரம்கூட இல்லை. இனிப்பு இன்னும் வரவில்லையே என்று விசாரித்த மாணவி சவாகோ போனை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். அம்மாள் சுவரில் தொங்கிய ஓவியச் சுருளையே வெறித்துப் பார்த்தார்.

வருகிறவர்கள் சாதாரண ஆட்களாக இருந்தால் மன்னிப்புக் கேட்டுத் தலை குனிந்து சமாளித்துவிடலாம். வரப்போவது தேநீர்ச் சங்கத் தலைவர் தோனமி. வசந்த காலத்தில் கோட்டைத் தோட்டத்தில் நடக்கும் பெருவிருந்தை இந்த முறை யார் நடத்துவது என்று முடிவு செய்கிறவர் அவர். பல வசந்தங்களாக அந்தப் பொறுப்பு அம்மாளின் கைக்கெட்டும் தூரம்வரை வந்து வேறு யாரோ ஒருத்தியின் மடியில் போய் விழுந்துகொண்டிருந்தது. இந்த ஆண்டு, “உங்க அடுப்புத் திறப்பைப் பார்த்துட்டு சொல்றேன்” என்று தோனமி வாயாலேயே சொல்லியிருந்தார்.

“வேற கடை?” என்றார் அம்மாள்.

“இன்னிக்குப் பன்றி நாள், சென்செய். முன்னாடியே சொல்லிவச்சவங்களுக்கே பத்தாதுங்கறாங்க.” சவாகோ அடுப்புச் சாம்பலைச் சீர்செய்துகொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், “மூலைல ஒரு கடை இருக்கு...” என்று இழுத்தாள்.

“வாயைக் கழுவு.”

மூலையில் இருந்தது கொன்பினி. இரவு பகல் மூடாத கடை. நோசாக்கா என்பவருடைய குடும்பம் தலைமுறை தலைமுறையாக அங்கே சாக்கே மது விற்றுவந்தது; வியாபாரம் படுத்ததும் அவர் அதைக் கொன்பினியாக மாற்றினார். சாமுராய்த் தெருவின் அழகு கெட்டுவிட்டது என்று கொதித்தெழுந்து வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவர் இசுருகி அம்மாள். கடைசியில், கடைப் பெயர்ப்பலகையின் பளீர் நிறங்களை எடுத்துவிட்டு மண்சுவருக்குப் பொருத்தமாகப் பழுப்பு அடிக்க வைத்தார். அந்த மனுவுக்கு நகல் எடுத்தது அதே கடையின் நகல் இயந்திரத்தில்தான் என்பது சவாகோவுக்கு மட்டும் தெரியும். அம்மாள் வீட்டு மின்சாரக் கட்டணம் கட்டுவதும், பார்சல் அனுப்புவதும், மழையில் குடை முறிந்தால் வேறு வாங்குவதும் அங்கேதான். ஆனால் அதையெல்லாம் செய்கிறவள் சவாகோ. ஆகவே அம்மாள் அந்தக் கடையில் கால் வைத்ததில்லை என்பதும் உண்மைதான்.

சவாகோவின் கை முழங்கைவரை சாம்பல். அம்மாள் முகமூடியை மாட்டிக்கொண்டு குடையை எடுத்தார்.

கதவு தானாகத் திறந்து ஒரு குழந்தைப் பாட்டைப் பாடியது. தெருவே திரும்பிப் பார்ப்பதுபோல் அம்மாளுக்கு இருந்தது. கடைக்குள் ஒருவன் பத்திரிகையை வாங்காமலே படித்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடப் பெண்கள் இருவர் பொரித்த கோழிக்கு எதிரே நின்று எதையோ ஆழமாக விவாதித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அம்மாளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. குளிர் அலமாரியில், பயறு இனிப்பைப் பொதிந்து எள் தூவிய மோச்சி, ஒவ்வொன்றும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் இருந்தது. இருந்த அத்தனையையும் அள்ளிக்கொண்டு போய் நோசாக்காவின் முன்னால் வைத்தார்.

பழுப்புப் பலகைக்கான பழிவாங்கலை அவர் எதிர்பார்த்தார். நோசாக்கா மற்றவர்களிடம் கேட்பதையே இவரிடமும் கேட்டார். பாயின்ட் கார்டு இருக்கா? பை வேணுமா? ஈரத்துண்டு எத்தனை? போலீஸ் விசாரணைக்குப் பதில் சொல்வதுபோல் அம்மாள் ஒவ்வொன்றுக்கும் இல்லை, வேண்டாம் என்றார்.

“சூடு பண்ணணுமா?”

“மோச்சியையா?”

“பழக்கத்துல கேட்டுட்டேன்.” நோசாக்கா காலியான அலமாரியை எட்டிப் பார்த்தார். “வெள்ளிக்கிழமையானா மத்தியானம் ஒரு பெரியவர் வருவார். ரெண்டு வாங்கி, கார்லயே உக்காந்து சாப்பிட்டுட்டுப் போவார். இன்னிக்குப் பாவம். பரவால்ல, முதல்ல வந்தவங்களுக்குத்தானே.”

யாரோ ஒரு பெரியவரின் ஏமாற்றத்தைப் பற்றிக் கவலைப்படும் நிலையில் அம்மாள் இல்லை.

வீட்டுப் பின்னறையில் பிளாஸ்டிக் சரசரத்தது. அந்தச் சத்தம் தோட்டத்துக்குக் கேட்டுவிடுமோ என்று சவாகோ தண்ணீரைத் திறந்துவிட்டாள். இருவரும் மோச்சியைக் கையால் நீட்டி உருட்டினார்கள். சோயா மாவில் புரட்டினார்கள். முதுகில் காட்டுப்பன்றிக் கோடு தெரிய லேசாகக் கீறினார்கள். பரம்பரை அரக்குத் தட்டில், இலையின் மேல் வைத்ததும், கொன்பினி மோச்சி குலம் கோத்திரம் எல்லாம் வந்து சேர்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தது.

“அழகா இருக்கு சென்செய்,” என்றாள் சவாகோ. “ஆனா யார் செஞ்சதுன்னு கேப்பாரே?”

கேட்பார். அது சம்பிரதாயம். தேநீரைக் குடித்து முடித்ததும் முதல் விருந்தாளி வரிசையாகக் கேட்க வேண்டும். தேயிலையின் பெயர் என்ன, இனிப்பின் பெயர் என்ன, செய்தது யார். விருந்து கொடுப்பவர் பதில் சொல்ல வேண்டும். மட்சுனோயா என்று சொல்லிவிடலாம் என்றுதான் அம்மாள் நினைத்திருந்தார். அடுத்த பன்றி நாளில் மட்சுனோயாக்காரர் அசல் பெட்டியோடு வாசலில் வந்து நிற்பார் என்பது அப்போதுதான் உறைத்தது. ஊருக்கே தெரிந்துபோகும்.

தோனமி கொஞ்சம் தாமதமாக வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. தோட்டத்துக் கற்களில் ஏதோ குறை கண்டுவிட்டார் என்று அம்மாள் நினைத்தார். அவருக்கு அடுத்த இடத்தில் கோயில் பூசாரியின் மனைவி ஷிரயாமா அம்மாள், அவருக்கும் அப்பால் சங்கத்து ஆட்கள் சிலர். தட்டு சுற்றி வந்தது. தோனமி மோச்சியை மூங்கில் குச்சியால் வெட்டி வாயில் போட்டார். கண்களை மூடினார். கடுகடுப்பு மெல்ல மெல்ல இறங்கி, முகம் குழந்தையின் முகமாயிற்று.

“அடேயப்பா,” என்றார். “இந்த அடக்கமான இனிப்பு இருக்கே, ஒரு நாள்ல வர்ற கைப்பக்குவம் இல்ல இது. இந்தக் காலத்துப் பசங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது? கண்ட கண்ட கடைல வாங்கித் திங்கிறாங்க.”

சங்கத்து ஆட்கள் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள். பின்னறையில் சவாகோ இருமினாள்.

தேநீரும் முடிந்தது. தோனமி இரு கைகளையும் பாயில் ஊன்றி, தேயிலையின் பெயரைக் கேட்டார். அம்மாள் சொன்னார். இனிப்பின் பெயரைக் கேட்டார். பன்றிக்குட்டி என்றார்.

“செய்தது யாரோ?”

அடுப்பில் கெண்டி முனகிக்கொண்டிருந்தது. கோட்டைத் தோட்டம், வசந்த காலம், எல்லாம் அந்த நீராவியோடு போவதை அம்மாள் பார்த்தார். பொய் சொன்னால் பன்னிரண்டு நாள்; உண்மை சொன்னால் இப்போதே. காத்திருந்து அவமானப்படுவது அவருக்கு ஆகாது.

“மட்சுனோயாக்குத் தேதி சொல்லாம விட்டுட்டேன். மூலைக் கடைல வாங்கினேன், தலைவரே,” என்றார் நெற்றி பாயில் படக் குனிந்து. “நோசாக்காவோட கொன்பினில.”

தோனமியின் புருவம் உயர்ந்தது, கழுத்து சிவந்தது. தேநீர்ச் சங்கத்தின் முழு கௌரவமும் அவர் தொண்டைவரை ஏறி வந்தது. ஆனால் அதை முந்திக்கொண்டு வேறொன்று வெளியே வந்துவிட்டது.

“அதான் அலமாரி காலியா இருந்துச்சா?”

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது. சங்கத்து ஆட்கள் பாயின் கோடுகளை ஆராய்ந்தார்கள். இசுருகி அம்மாள் குனிந்தபடியே இருந்தார். நிமிர்ந்தால் சிரித்துவிடுவோம் என்று அவருக்குப் பயம்.

ஷிரயாமா அம்மாள்தான் பேசினார், மிக மெதுவாக, பூசை முடித்த குரலில். “போன செவ்வாய்க்கிழமை வந்த புதுச்சரக்கு இது. முன்னாடி வந்ததைவிட இதுல எள்ளு கொஞ்சம் ஜாஸ்தி. இல்லைங்களா தலைவரே?”

தோனமி கிண்ணத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார், அதில் பதில் எழுதியிருப்பதுபோல்.

“கொஞ்சம்தான்,” என்றார் கடைசியில்.

கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, அம்மாளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “வசந்த விருந்தை நீங்களே நடத்துங்க. இனிப்புக்குச் சொல்றப்போ தேதி சொல்லுங்க. அப்புறம்... வெள்ளிக்கிழமைன்னா ரெண்டு விட்டு வைங்க.”

அடுத்த பன்றி நாளில் மட்சுனோயாக்காரர் பெட்டியோடு வந்து நின்றார். அம்மாள் வாங்கிக்கொண்டார். முகமூடி இல்லாமல், பட்டப்பகலில் மூலைக் கடைக்குப் போய், பெட்டியை நோசாக்காவின் முன்னால் வைத்தார்.

“சூடு பண்ணணுமா?” என்றார் நோசாக்கா.

“உங்களுக்குத்தான்.”

நோசாக்கா ஒன்றைத் தின்று, நல்லா இருக்கு என்று சொல்ல வேண்டிய அளவுக்குச் சொன்னார். அம்மாள் போகாமல் நின்றார். வாசலை, அதன் மேலே இருந்த பழுப்புப் பலகையை, அண்ணாந்து பார்த்து முகம் சுளித்தார்.

“இந்தப் பலகை ஏன் இவ்வளவு மங்கலா இருக்கு? வசந்த விருந்துக்கு வெளியூர்க்காரங்கல்லாம் வருவாங்க. எப்படிக் கண்டுபிடிப்பாங்க? கொஞ்சம் பளிச்சுனு அடிக்கக் கூடாதா, நோசாக்கா சான்?”

நோசாக்கா விரலில் ஒட்டிய மாவைத் தட்டினார்.

“பாக்கறேன், சென்செய்,” என்றார். “பாயின்ட் கார்டு ஒண்ணு போட்டுத் தரட்டுமா?”