வெளித்தீவனம்

தீவன லாரி வருகிறதா என்று பார்க்க, அறிவுச்செல்வி அன்று காலையில் நான்காவது முறையாகத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறினாள். செம்பட்டி சாலையிலிருந்து பிரிந்து வரும் மண்பாதை தென்னந்தோப்புகளுக்கு நடுவே வெளுத்துக் கிடந்தது. கீழே கோழிக் கொட்டகை, வழி தவறிக் காட்டுக்குள் வந்து நின்றுவிட்ட ரயில் பெட்டியைப் போல நீளமாக இருந்தது. அதற்குள் மூவாயிரம் கறிக்கோழிகள் கத்திக்கொண்டிருந்தன. வெயில் தாங்காவிட்டால் அவை வாயைப் பிளந்துகொண்டு சத்தமில்லாமல் படுத்துவிடும். பசித்தால்தான் இப்படிக் கத்தும்.

"தெரியுதாடி?" என்று சுந்தரம்மாள் உள்ளே இருந்து கேட்டாள்.

"காக்காதான் தெரியுது."

"அதையாச்சும் வரச் சொல்லு. செத்தத அள்ளிட்டுப் போகட்டும்."

அம்மா கம்பி வலையில் ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். தீவனக் கிண்ணங்கள் காலியாக ஆடின. கோழிகள் ஒன்றின் வாலை ஒன்று கொத்தி ரத்தம் பார்த்திருந்தன. விடிந்ததிலிருந்து பதினொன்றைக் குழியில் போட்டாயிற்று.

குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையவை. கொட்டகை, தண்ணீர், கரண்ட், பாடு எல்லாம் இவர்களுடையவை. நாற்பது நாளில் கம்பெனியே ஆள் வைத்துப் பிடித்துக்கொண்டு போய், எடைக்குத் தக்கபடி வளர்ப்புக் கூலி கொடுக்கும். அப்பா இறந்த மறு வருஷம் சுந்தரம்மாள் பேரில் பேங்க் கடன் வாங்கிக் கட்டிய கொட்டகை அது. கம்பெனிக் காகிதத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்த இடங்களிலெல்லாம் அவள் கையெழுத்துப் போட்டாள். பதினான்கு இடம் என்பது மட்டும் நினைவிருக்கிறது. எழுதி முடித்து விரல் வலித்ததால் எண்ணினாளாம்.

சூப்பர்வைசர் மதியழகன் ஐந்தாவது அழைப்பில் போனை எடுத்தார். செல்வி ஸ்பீக்கரில் போட்டாள்.

"தீவன மில்லுல மிஷின் ரிப்பேருக்கா. நாளைக்கு வந்துரும்."

"நேத்தும் நாளைக்குன்னுதான சார் சொன்னீக? ஒண்ணை ஒண்ணு கொத்தித் திங்குதுக."

"அம்புட்டுப் பண்ணையும் இதத்தான் சொல்றாக. நான் என்ன, என் கையையா கொத்தக் குடுக்க முடியும்?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வீட்ல சோளம் கீளம் கெடந்தா ஒடச்சுப் போட்டுச் சமாளிங்க. நான் பாத்துக்கிறேன்."

வீட்டில் பத்து மூட்டை மக்காச்சோளம் இருந்தது. கிணற்றடி நிலத்தில் விளைந்தது. விலை ஏறட்டும் என்று வைத்திருந்தார்கள். சுந்தரம்மாள் அந்த மூட்டைகளைச் செத்த நேரம் பார்த்தாள். பிறகு முதல் மூட்டையின் தைத்த வாயை அரிவாளால் அறுத்துப் பூச்சி இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்தாள்.

செல்வி மொபெட்டில் ஒவ்வொரு மூட்டையாக வைத்துச் செம்பட்டி மாவு மில்லுக்கும் காட்டுக்கும் போய் வந்தாள். மில்காரர் அப்துல் சுக்கூர் முகமெல்லாம் மாவாக நின்றார்.

"என்னம்மா, வக்கீலுக்குப் படிக்கிற புள்ளன்னாக. இங்கன வந்து நிக்கிற?"

"வக்கீல் இல்ல பாய். பி.காம். அதுல சட்டம் ஒரு பாடம்."

"ஒரு பாடத்துக்கே இம்புட்டுப் பெரிய புத்தகமா? முழுசாப் படிச்சா என் மில்லு தாங்காது போல."

அடுத்த வாரம் பரீட்சை. மிஷின் ஓடும்போது, அந்த அதிர்வில் எழுத்துகள் நடுங்க, அவள் ஒப்பந்தச் சட்டத்தைப் படித்தாள். முனைவு, ஏற்பு, ஒன்றுக்கு ஈடாக இன்னொன்று தரும் மறுபயன், ஒப்பந்த மீறல். புத்தகத்தில் 'அ' என்பவர் 'ஆ' என்பவருக்குத் தம் குதிரையை விற்கச் சம்மதிக்கிறார். பக்கத்துக்குப் பக்கம் குதிரை கைமாறுகிறது, ஓடிப் போகிறது, செத்துப் போகிறது. கொடைக்கானலில் சவாரிக்கு நிற்பவற்றைத் தவிர செல்வி குதிரை பார்த்ததில்லை. ஆனால் அந்த இருவரையும் அவளுக்குப் பிடித்திருந்தது. சுத்தமான சட்டை போட்ட மனிதர்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் கேட்டார். இருவருக்கும் எப்போதும் யோசிக்க நேரம் இருந்தது.

மூன்று நாள் அரை வயிற்றுக்குச் சோளம் போட்டார்கள். நான்காம் நாள் சாயங்காலம் லாரி வந்தது. நூற்றுக்கும் குறைவாகத்தான் செத்திருந்தன.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனியின் தரச் சோதனை ஆள் வந்தார். காலில் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குள் நடந்தவர், தரையில் பரப்பியிருந்த தென்னை நார்த்தூளைக் கிளறி ஒரு மஞ்சள் குருணையை எடுத்தார்.

"இது எங்க தீவனத்துல இல்லையே."

"எங்க காட்டுச் சோளம் சார்," என்றாள் சுந்தரம்மாள். அவள் குரலில் கொஞ்சம் பெருமையே இருந்தது. "மூணு நாளு இதப் போட்டுத்தான் காப்பாத்தினோம். பக்கத்துப் பண்ணையில ஐந்நூறு உருப்படி போயிருச்சு. நமக்கு நூறுகூட இல்ல."

காலிச் சாக்குகளையும் அவளே கொண்டுவந்து காட்டினாள். அவர் போனை எடுத்து, சாக்குகளுக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். கம்பெனிப் பத்திரிகையில் நல்ல பண்ணையாளர் படம் போடுவார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். முந்தானையை இழுத்துச் செருகி, முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். எடுத்த படத்தைக் காட்டச் சொல்லியும் பார்த்தாள்.

நாற்பத்தோராம் நாள் ஆட்கள் வந்து கோழிகளைப் பிடித்துப் போனார்கள். கூலிச் சீட்டு வரவில்லை. அடுத்த குஞ்சும் வரவில்லை. கொட்டகையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, புது நார்த்தூள் பரப்பி ஒரு மாதம் காத்திருந்தார்கள். சத்தமில்லாத கொட்டகையில் குருவிகள் புகுந்தன. வேறு கம்பெனிக்காரர்கள், பழைய கம்பெனியிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். இரண்டு மாதத் தவணை நின்றுவிட்டதாக பேங்கிலிருந்து ஆள் வந்து சொல்லிப் போனார்.

கம்பெனியின் திண்டுக்கல் அலுவலகத்தில், மேனேஜர் ஈஸ்வரன் ஒப்பந்தத்தை மேஜை மேல் வைத்தார். அது ஆங்கிலத்தில் இருந்தது. பதினொன்றாவது பத்தியில் அவர் விரலை வைக்க, செல்வி படித்தாள். கம்பெனி தரும் தீவனம் தவிர வேறு எதையும் போடக் கூடாது. போட்டால் வளர்ப்புக் கூலி கிடையாது, கம்பெனி விரும்பினால் ஒப்பந்தமும் கிடையாது.

அவள் ஒப்பந்தத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "சார், தீவனம் குடுக்கிறோம்னு நீங்க சொன்னீங்க. அத நம்பித்தான் வளக்கிறோம்னு நாங்க சொன்னோம். ஒண்ணுக்கு ஒண்ணு மறுபயன். மூணு நாளா நீங்க குடுக்கல. மொதல்ல மீறினது யாரு?"

ஈஸ்வரன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "எந்தக் காலேஜும்மா?"

சொன்னாள்.

"நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க. பத்தொம்பதாவது பத்தியப் படி."

இயந்திரக் கோளாறு, போக்குவரத்து, மழை, வேலைநிறுத்தம் ஆகியவற்றால் ஏற்படும் தாமதத்துக்குக் கம்பெனி பொறுப்பல்ல.

"அப்ப நாங்க என்ன செஞ்சிருக்கணும் சார்?"

"எழுத்து மூலமாத் தெரிவிச்சிட்டுக் காத்திருக்கணும்."

"அதுக்குள்ள செத்துப்போயிருமே."

"செத்தா அதுக்குத் தனிப் பத்தி இருக்கு."

சுந்தரம்மாள் சுவரோரம் நின்றிருந்த மதியழகனைக் காட்டினாள். "இந்த சார்தான் போன்ல போடச் சொன்னாரு."

"மதி, சொன்னீங்களா?"

மதியழகன் பேனா மூடியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார். "சமாளிங்கன்னு சொன்னேன் சார். சோளம்னு சொல்லல."

படியிறங்கும்போது செல்வி வெடித்தாள். "நீ ஏம்மா ஒண்ணும் கேக்காம வந்த? பொய் சொல்றான், பாத்துக்கிட்டு நிக்கிற."

"கத்தாத. நம்மளுக்கு ஒக்கார சேராச்சும் போட்டாக. அந்தாளு நாம வந்ததுலருந்து நின்னுக்கிட்டே இருக்கான், கவனிச்சியா?" சுந்தரம்மாள் கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஒரு படியில் நின்றாள். "வா, பஸ்ஸு போயிரும்."

அதற்கு ஒன்பதாம் நாள் காலை, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் குஞ்சு வண்டி வந்தது. மதியழகன் முன்னால் பைக்கில் வந்திறங்கினார். அட்டைப் பெட்டிகளை இறக்கி வாசலில் அடுக்கினார்கள். பெட்டிக்கு நூறு குஞ்சு. காற்றுத் துளைகளில் சின்ன அலகுகள் வந்து வந்து மறைந்தன.

"ஆபீஸ்ல பேசி வாங்கிட்டு வந்திருக்கேன்க்கா," என்றார். அவர் பையிலிருந்து ஒரு முத்திரைத்தாளை எடுத்தார். இந்த முறை தமிழில் இருந்தது.

செல்வி உரக்கப் படித்தாள். வெளித்தீவனம் எனது சொந்த முடிவின்படி போடப்பட்டது. கம்பெனி ஊழியர் எவரும் அவ்வாறு சொல்லவில்லை. மேற்படி பேட்சுக்கான வளர்ப்புக் கூலியைக் கோர மாட்டேன். இதை யாருடைய வற்புறுத்தலும் இன்றி, முழு மனதுடன் எழுதிக் கொடுக்கிறேன்.

"இதுக்குப் பேரு சம்மதமா சார்?"

மதியழகன் அவளைப் பார்க்கவில்லை. "வெயில் ஏறுதும்மா. திருப்பி ஏத்தி வண்டிய அடுத்த பண்ணைக்கு விடவான்னு கேட்டுக்கிட்டே இருக்காக."

டிரைவர் எஞ்சினை அணைக்கவே இல்லை. சுந்தரம்மாள் பெட்டிகளைப் பார்த்தாள். "மொதல்ல தண்ணி காட்டணும். நாக்கு வறண்டு கெடக்கும்," என்றாள். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள்.

வைத்து எழுத மேஜை இல்லை. மேலே இருந்த பெட்டியின் மூடியில் தாளை வைத்து, எழுத்துக் கூட்டித் தன் பெயரை மெல்ல எழுதினாள். உள்ளே குஞ்சுகள் முட்டி மோதிக்கொண்டிருந்ததால் மூடி துள்ளியது. மதியழகன் தாளை வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"கோணிப்போச்சுக்கா. அக்ரிமெண்டுல இருக்குற மாதிரி இல்லைன்னு திருப்பி விட்டுருவாக. கீழ எடமிருக்கு. இன்னொரு தடவ போடுங்க."

சுந்தரம்மாள் மறுபடியும் குனிந்தாள். மறுபடியும் மூடி துள்ளியது. பேனா முனையைத் தூக்கிப் பிடித்தபடி அவள் மகளைப் பார்த்தாள்.

செல்வி வந்து குந்தி உட்கார்ந்தாள். அம்மா எழுதி முடிக்கும் வரை ஆடாமல் இருக்க, மூடியின் இரண்டு பக்கமும் உள்ளங்கைகளை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.