மாப்பிள்ளை வீட்டு ஆக்கள்

1

இந்தக் கதை ஒரு பலகையில் தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து ‘உமக்கு ஏன் காணும் இவ்வளவு கோபம்’ என்று கேட்கக்கூடாது.

லண்டனில் குட்மேய்ஸ் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். தமிழ்ப் பெண், ஸ்கொட்லாந்துப் பையன். வாசலில் ஒரு பெரிய பலகை வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் பரம்பரை முழுவதும் அதில் இருந்தது: தகப்பன், பாட்டன், பூட்டன், அவனுக்கும் மேலே பலர். யார் எந்த ஊரில் பிறந்தார், என்ன தொழில் செய்தார், எங்கே புதைக்கப்பட்டார் என்று எல்லாம் அழகான எழுத்தில். பெண் வீட்டுப் பக்கத்தில் ஒரேயொரு வரி. திரு. திருமதி இன்னார், யாழ்ப்பாணம். அவ்வளவுதான். இந்தச் சனம் என்னமோ நேற்று ஹீத்ரோவில் முளைத்த மாதிரி.

ஏன் ஒரு வரி என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். கையிலிருந்த ஆட்டிறைச்சி ரோலைக் கடிக்காமலே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். நல்ல ரோல். அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கோபம்.

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: ‘ஸ்கொட்லாந்தின் வடகிழக்குக் கரையில் மூடுபனி மெல்ல இறங்கி…’ நான் அந்தக் கரைக்குப் போனதே இல்லை. அடித்தேன்.

இரண்டாவது: ‘றொசாந்திக்கு முப்பத்தைந்து வயதாகியும் இன்னும் ஒன்றும் சரிவராமல்…’ சீ! ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கிற ஆட்கள் பேசும் வசனம் இது. இதையும் அடித்தேன். ஆனால் என் பேனாவிலும் அது வந்தது என்பதை நீங்கள் பார்க்க வேண்டும் என்று இங்கே விட்டுவைக்கிறேன்.

மூன்றாவது: ‘எமில்டா நல்ல மனுசி.’ இது நிற்கட்டும். இது உண்மை. கரைச்சலே அதுதான்.

2

எமில்டா றொசாந்தியின் தாய். கோலியர்ஸ் வுட்டில் வீடு. கத்தோலிக்கக் கோயில் பங்கில் யாருக்குச் சுகமில்லையென்றாலும் முதல் சூப் இவர் வீட்டிலிருந்துதான் போகும். மன்னார் பெருநாளுக்குக் காசு சேர்ப்பதும் இவர்தான். யாராவது சாதியைப் பற்றிப் பேச்செடுத்தால் கையை உதறிவிடுவார். ‘எங்கட ஆக்களுக்குள்ளை அதெல்லாம் இல்லைப் பாருங்கோ. ஞானஸ்நானத்தோட கழுவுப்பட்டுப் போச்சு.’

கணவர் கிறிஸ்துராஜா. அவரை இந்தக் கதையில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். வீட்டில் எது நடந்தாலும் கார் கழுவப் போய்விடுகிறவர்.

மூத்த மகள் றொசாந்தி, மருந்தாளர். இளையவள் அனோஜினி.

ஆறு வருடங்களுக்கு முன் றொசாந்தி, கோயில் பாடகர் குழுவில் பாடிய டெனுசனைக் கட்ட விரும்பினாள். மன்னார்ப் பையன். ரயில்வேயில் எஞ்சினியர். கத்தோலிக்கன். குடி கிடையாது. இதற்கு மேல் ஒரு மாப்பிள்ளையை நான் கற்பனை செய்தால் நீங்களே நம்பமாட்டீர்கள்.

எமில்டா விசாரித்தார்.

இந்த ‘விசாரிக்கிறது’ எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்காக*: ஊருக்கு ஒரு ரெலிபோன் கோல் போகும். மழை பெய்ததா, கத்தரிக்காய் என்ன விலை என்றெல்லாம் பேசிவிட்டு, கடைசியில், எழும்பிப் போகிற மாதிரி, ‘அப்ப அந்தப் பெடியன்ர வீட்டு ஆக்கள் எப்பிடி?’ என்று ஒரு கேள்வி. அங்கேயிருந்து பதில் வரும்: ‘அவன்ர அப்பப்பா சேமக்காலையில பிரேதக் குழி வெட்டினவர்.’ அவ்வளவுதான். சாதி என்ற சொல்லே வராது. எவ்வளவு துப்புரவான வேலை பாருங்கள்.

றொசாந்திக்குச் சொல்லப்பட்டது வேறு. ‘பெடியன் சரிவராது பிள்ளை. கேக்காதை.’ மூன்று மாதம் அவள் அம்மாவோடு பேசவில்லை. டெனுசன் ஒரு வருடம் காத்திருந்தான். பிறகு அவன் தாய்க்கு நோய் கூடி, வேறொரு பெண்ணைக் கட்டினான். இப்போது அவனுக்கு ஒரு குழந்தை. அவனைக் குறை சொல்ல நான் விடமாட்டேன்.

(* தெரியாதவர்களாம்! யாருக்கு நடிக்கிறேன்?)

3

இப்போது அனோஜினி ஃபின்லேயைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். செம்பட்டைத் தலை, சிரித்த முகம், ஸ்கொட்லாந்தில் ஒரு கடலோரச் சிற்றூர். கோயில்கூட வேறு சபை. வீட்டில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. எமில்டா அவனுக்குப் புட்டு அவித்துக் கொடுத்தார்.

ஒரு மாதம் போனதும் மூத்தவளைக் கூப்பிட்டார்.

“பிள்ளை, மாப்பிள்ளை வீட்டுப் பரம்பரையை ஒரு போர்டில போட்டு ஹோல் வாசலில வைப்பம். சிவமலர் அன்ரியின்ர மகளுக்கு வைச்சவை. அவையின்ர மாப்பிள்ளை வீட்டில முந்தி ஒரு கோட்டையே இருந்ததாம்.”

“ஆர் செய்யிறது?”

“நீதான். உனக்குத்தானே உந்தக் கொம்பியூட்டர் வேலையெல்லாம் ஏலும்.”

“அப்ப நீங்கள் இன்னும் விசாரிக்கேல்லையோ?”

“என்னத்தை?”

“மாப்பிள்ளை வீட்டு ஆக்களை.”

எமில்டா வாய்விட்டுச் சிரித்தார். “அவன் வெள்ளைக்காரனடி!”

இந்த இடத்தில் றொசாந்தி ஏதாவது பேச வேண்டும் என்று நான் ஒரு பக்கம் எழுதினேன். நல்ல சூடான வசனங்கள். அவள் ஒன்றையும் பேச மறுத்துவிட்டாள். ‘சரி, செய்யிறன்’ என்று மட்டும் சொன்னாள். விசாரிக்கப்படாத மாப்பிள்ளையைத் தானே விசாரிப்பதென்று முடிவெடுத்துவிட்டாள்.

4

ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் றொசாந்தி ஸ்கொட்லாந்து ஆவணங்களுக்குள் இறங்கினாள். ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தைந்திலிருந்து பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாம் அரசாங்கப் பதிவு. அதற்கு முன்னால் பங்குப் பதிவேடுகள். கல்யாணம் கட்டிய பெண்ணுக்கும் அவள் தகப்பன் வீட்டுப் பெயரை விடாமல் எழுதியிருக்கிறார்கள். மாடு மேய்த்தவனுக்கும் அங்கே ஒரு வரி உண்டு.

அதற்காக அந்தச் சனம் தங்கம் என்று நினைத்துவிடாதீர்கள். கோயில் மூப்பர்களின் கூட்டக் குறிப்புகளையும் அவள் வாசித்தாள். கல்யாணத்துக்கு முன் பிள்ளை பெற்ற வேலைக்காரப் பெண்ணைச் சபை முழுவதற்கும் முன்னால் நிறுத்திக் குற்றத்தை உரக்க வாசித்திருக்கிறார்கள். வாசிக்க வாசிக்க றொசாந்திக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் கூடவே இன்னொன்றும் தோன்றியது. அந்தப் பெண்ணுக்கு முகத்துக்கு நேரேயாவது சொன்னார்கள். தனக்கு அதுகூட நடக்கவில்லை.

ஃபின்லேயின் ஆட்களை ஒவ்வொருவராகக் கண்டுபிடித்தாள். பாட்டனின் தகப்பன், தொழில்: குழி வெட்டுபவர். அவர் தகப்பன், குழி வெட்டுபவர். அவருக்கும் தகப்பன், கோயில் மணியடிப்பவரும் குழி வெட்டுபவரும்.

[நிறுத்துங்கள். ‘இது அளவுக்கு மிஞ்சின பொருத்தமாயிருக்கே’ என்கிறீர்கள். ஓம். முதல் வரைவில் இவர்களை ஏர் பிடிப்பவர்களாக வைத்திருந்தேன். பிறகு வேண்டுமென்றே மாற்றினேன். நான் செய்ததுதான், மறைக்கவில்லை. ஆனால் எங்கேயும் யாரோ ஒருவர் குழி வெட்டித்தான் ஆகவேண்டும். பிரேதம் தானாக மண்ணுக்குள் போகாது. அந்த மண்ணை வெட்டினவனின் பேரனை ஓரிடத்தில் வாசலில் பலகை வைத்து வரவேற்கிறார்கள், இன்னோரிடத்தில் ஒரு ரெலிபோன் கோலோடு துரத்துகிறார்கள். இதை நான் கற்பனை செய்யவில்லை.]

5

கல்யாணத்துக்கு முன் ஃபின்லேயின் தாய் மொய்ரா லண்டன் வந்து, கோலியர்ஸ் வுட் வீட்டில் தேநீர் குடித்தார். றொசாந்தி தான் தேடி எடுத்ததை நீட்டியதும் அவருக்கு ஒரே சந்தோஷம். அவருக்கு இதெல்லாம் புதினமே இல்லை. தங்கள் ஊரின் பாதிப் பேரைப் புதைத்தது தங்கள் குடும்பம்தான் என்றும், பூட்டனின் மண்வெட்டி இன்னும் தங்கள் நடையில் தொங்குகிறது என்றும் ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

“ஓ, சேர்ச் வேர்க்!” என்றார் எமில்டா. “வெரி ரெஸ்பெக்டபிள்!”

கிறிஸ்துராஜா கார் சாவியைத் தேடினார்.

6

குசினிக்குள்.

“அம்மா, அவ சொன்னது உங்களுக்கு விளங்கினதோ?”

“விளங்காமல்? கோயில் ஊழியம். போர்டில ‘கோயில் உத்தியோகத்தர்’ எண்டு போடு.”

“குழி வெட்டினவை.”

“மெல்லக் கதை. அவைக்குக் கேக்கும்.”

“கேட்டாலும் அவைக்குத் தமிழ் விளங்காது. டெனுசன்ர அப்பப்பாவும் குழிதான் வெட்டினவர். எனக்கு அப்பவே தெரியும். அவன்தான் சொன்னவன்.”

எமில்டா பட்டீஸ் தட்டை மேசையில் வைத்தார். “இப்ப ஏன் அவன்ர கதை? அவன் கட்டிப் பிள்ளையும் பெத்திட்டான். தங்கச்சியின்ர நல்ல காரியத்தில உனக்கென்ன விசரே?”

“ஓம், விசர்தான். அந்தக் குழிக்கும் இந்தக் குழிக்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்கோ.”

“அது வேற, இது வேற.”

“என்ன வேற?”

“இவைக்கு அது ஒரு வேலை. விட்டிட்டு வேற வேலைக்குப் போகலாம்.”

“டெனுசனும் வேற வேலைக்குத்தானே போனவன். எஞ்சினியர்.”

“அது… அவையள் எஞ்சினியர் ஆனாலும்… உனக்குச் சொன்னா விளங்காதடி. அவையள்…”

“அவையள்?”

எமில்டா வாயைத் துடைத்தார்.

“அவையள் ஆர் அம்மா? ஒரு சொல்லுத்தானே. என்ர வாழ்க்கையைத் திண்ட சொல்லு. ஒருக்கா வாயைத் திறந்து சொல்லுங்கோ. மன்னிப்புக்கூட வேண்டாம். சொன்னாக் காணும்.”

எமில்டா தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார். “மொய்ரா, பிளீஸ், ஒன் மோர்” என்ற குரல் கேட்டது. றொசாந்தி கழுவு தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதாள். ஆத்திரத்தில் வந்த அழுகை. அப்படித்தான் எழுத வேண்டும், வேறு அழகான காரணம் தேடமாட்டேன்.

7

கல்யாண மண்டபம். பலகை வாசலில் நிற்கிறது. றொசாந்தி ‘கோயில் உத்தியோகத்தர்’ என்று போடவில்லை. குழி வெட்டுபவர், குழி வெட்டுபவர், குழி வெட்டுபவர் என்றுதான் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. வந்தவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். ‘என்ன எளிமையான ஆக்கள்’ என்று ஒருவர் புகழ்கிறார். இப்போது மணப்பெண்ணின் அக்காவைப் பேச அழைக்கிறார்கள். நான் முடிக்க வேண்டும்.

முடிவு ஒன்று: எமில்டா எழுந்து வந்து மகளைக் கட்டிப்பிடித்து, ‘நான் பிழை விட்டிட்டன் பிள்ளை’ என்று… பொய். எமில்டாவை எனக்குத் தெரியும்.

முடிவு இரண்டு: மண்டபக் கதவு திறக்க, டெனுசன்… அவனை விடுங்கள். அவன் தன் குழந்தையோடு நிம்மதியாக இருக்கட்டும்.

முடிவு மூன்று: றொசாந்தி பலகையைத் தூக்கிப் போட்டு உடைத்து… ஏன்? ஃபின்லேயின் முப்பாட்டன் என்ன பாவம் செய்தான்?

நடப்பது இதுதான். றொசாந்தி ஒலிவாங்கியை வாங்குகிறாள். தங்கச்சியை மனதார வாழ்த்துகிறாள். அவள்மேல் இவளுக்கு ஒரு கோபமும் இல்லை. பிறகு முன்வரிசையைப் பார்த்து, தமிழில் கேட்கிறாள்:

“அம்மா, அண்டைக்குக் குசினியில பாதியில விட்டதை இஞ்ச, எல்லாருக்கும் முன்னால, சொல்லி முடியுங்கோ. அவையள் ஆர்?”

எமில்டா மகளைப் பார்க்கவில்லை. மண்டபத்தைச் சுற்றிப் பார்க்கிறார். யாராவது வந்து காப்பாற்றுவார்கள் என்று ஒவ்வொரு மேசையாகப் பார்க்கிறார். எல்லோரும் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் வாயில் அந்தச் சொல்லை, அந்தச் சாதியின் பெயரை, நான் வைக்கமாட்டேன். கதை முழுவதும் தேடிப் பாருங்கள், நான் அதை ஓரிடத்திலும் எழுதவில்லை. ஒரு பையனின் அப்பப்பா என்ன வேலை செய்தார் என்பதை மட்டும்தான் சொன்னேன். ஃபின்லேயின் பூட்டனைப் பற்றியும் அதையேதான் சொன்னேன். அங்கே உங்களுக்கு ஒரு சொல்லும் தோன்றவில்லை. டெனுசனிடம் வந்தபோது மட்டும் தோன்றியது. நீங்கள் அந்த வரியைத் தாண்டுவதற்கு முன்பே தோன்றிவிட்டது.

றொசாந்தி இன்னும் நிற்கிறாள். தாய் வாய் திறக்கமாட்டார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒலிவாங்கியை உங்கள் மேசைக்குக் கொடுத்தனுப்புகிறாள்.

வாங்குங்கள். நீங்களே சொல்லி முடியுங்கள்.