நாலு கட்டில் அறை

தங்கபுஷ்பத்துக்கு இரண்டு மூன்று வருஷமாக ஒரே ஏக்கம்: மற்றவர்கள் சிரிக்கும்போது தானும் கூடவே சிரிக்க வேண்டும். நகைக்காதீர்கள், சின்ன ஏக்கமில்லை அது. பெண்கள் கல்லூரியில் நாலு மணிக்கு வகுப்பு முடியும். தோழிகள் விடுதி மாடிக்கு ஏறுவார்கள். இவள் ராயபுரம் டிராமைப் பிடிக்க ஓடுவாள். மறுநாள் காலை தேவப்பிரியம், "நேத்து அந்தப் பூனை..." என்று ஆரம்பித்தால் போதும், சிலுவையம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். இவளும் பல்லைக் காட்டுவாள். எந்தப் பூனை என்று கேட்க வெட்கம்.

தாய் தகப்பன் இல்லாதவளை வளர்த்தவர்கள் மாமா தவசிமுத்துவும் அத்தை ஆவுடையம்மாளும். முன்னால் கருப்பட்டி மொத்தக்கடை, பின்னால் வீடு. சோற்றுக்கும் குறைவில்லை, பிரியத்துக்கும் குறைவில்லை. அவள் வயதில் பேசத்தான் ஆளில்லை.

மார்ச் மாதம் தேவப்பிரியம் சொன்னாள்: "எங்க ரூம்ல ஒரு கட்டில் காலியாகுது. பி.ஏ. கடைசி வருஷமாவது எங்களோட இருடீ."

தனி அறையா, நாலு பேர் அறையா என்று விடுதி விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள். படிப்புக்குத் தனி அறைதான் நல்லது என்று எல்லோரும் புத்தி சொன்னார்கள். படிப்பு கிடக்கட்டும் என்று இவள் நாலு பேர் அறைக்கு எழுதினாள். மாமா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு, "போயிட்டு வா தாயி. வயசுப் பிள்ளைக்குத் தோழிமார் வேணும்லா" என்று கையெழுத்துப் போட்டார். இவள் அவர் காலில் விழாத குறைதான்.

விண்ணப்பத்தில் எழுதியது கடை விலாசம். அந்த வியாபாரக் குடும்பங்களில் கல்யாணப் பத்திரிகையும் சாவுச் செய்தியும்கூடக் கடைக்குத்தான் வரும்.

கோடை விடுமுறை முழுக்க, மத்தியானமானால் கதவுக்குப் பின்னால் நின்று மூட்டை தூக்கும் அப்பாவுவைக் கேட்பாள்.

"தபால் வந்துதா?"

"வந்துது பாப்பா. வூட்டுக்கு ஒண்ணுமில்ல. அல்லாம் கடைக் கடுதாசி."

ஜூன் பிறந்தது. தன் கட்டில் ஜன்னலோரமா சுவரோரமா என்று யோசித்து யோசித்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பெட்டியில் நாலு சேலையை அடுக்கியும் வைத்துவிட்டாள்.

கடையில் ஒரு வழக்கம். தமிழ்க் கடுதாசியை மாமா உடனே படித்துவிடுவார். இங்கிலீஷ் உறை என்றால் ரயில்வேக்காரனோ துறைமுகத்துக்காரனோ எழுதியதுதான் என்று பிரிக்காமல் கம்பியில் குத்திவிடுவார். ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும். அன்று புஷ்பம் வந்து படித்துச் சொல்வாள். போன ஞாயிறு திருவொற்றியூரில் கல்யாணம் என்று படிக்காமல் விட்டுப்போயிற்று.

இந்த ஞாயிறு கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக உருவினாள். சரக்கு வாடகை. குடோன் நோட்டீஸ். மூன்றாவது உறையில் கல்லூரி முத்திரை! ஐயோ, அவசர அவசரமாகப் பிரித்தாள். நாலு பேர் அறையில் இடம் தந்திருக்கிறோம், பத்தாம் தேதிக்குள் பதில் வேண்டும். இன்று பதினாலு. கடைசி உறையும் அங்கிருந்துதான் வந்திருந்தது. பதில் வராததால் கட்டிலை வேறு மாணவிக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

"என்னட்டி, ரயில்காரன் என்ன கேக்கான்?" என்றார் தவசிமுத்து.

"இது எனக்கு வந்தது, மாமா." இரண்டையும் படித்துச் சொன்னாள்.

அவர் முகம் செத்துப்போயிற்று. "ஒண்ணையும் தொலைக்கலியே தாயி. நீ படிக்கணும்னு பத்திரமா குத்தி வச்சேனே."

திட்ட வேண்டும்போல ஆத்திரம் வந்தது. யாரைத் திட்டுவது? கடைக் கடுதாசியில் தன்னுடையதும் இருக்குமா என்று ஒரு நாளாவது அவளுக்குத் தோன்றியதா? பி.ஏ. படிக்கிற லட்சணம்!

"அழாதட்டி" என்று கெஞ்சினார் மாமா. "அடுத்த வருஷம் நானே வந்து விடுதி அம்மாகிட்ட பேசி, அதே ரூம்ல எடம் வாங்கித் தாரேன்."

"அடுத்த வருஷம் அந்த ரூம்ல யாரு மாமா இருப்பா? நாங்க எல்லாரும் படிச்சு முடிச்சிருப்போம்."