ஏழாம் தொட்டியின் வெள்ளைப் படிவு

என் ஓரகத்தி மீன் தொட்டியில் சுண்ணாம்பைக் கலக்குகிறாள் என்று மாமனாரிடம் சொன்னது நான்தான். சும்மா சொல்லவில்லை, ஆதாரத்தோடு சொன்னேன். ஏழாம் தொட்டியில் வேலம்பாசி என்ற நீர்ச்செடியின் இலைகளில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. விரலால் தேய்த்தால் நறநறத்தது. குஞ்சுகள் செத்ததெல்லாம் அவள் நேரத்தில். என் நேரத்தில் ஒன்றுகூடச் சாகவில்லை.

நேரம் என்பது எங்கள் வீட்டு ஏற்பாடு. அலங்கார மீன் வளர்க்கும் குடும்பம். வீட்டுக்குப் பின்னால் கண்ணாடிக் கூரை போட்ட கொட்டகை, அதில் பதினெட்டுத் தொட்டிகள். நானும் மூத்த மருமகளான அவளும் சேர்ந்து நின்றால் பத்தே நிமிடத்தில் சண்டை; ஒரு தடவை வலைக்கம்பைத் தூக்கும்வரை போய்விட்டது. அதனால் மாமனார் பிரித்துவிட்டார். காலை ஆறிலிருந்து பத்து வரை நான். பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை அவள். ஒருத்தி முகத்தில் ஒருத்தி விழிக்க வேண்டாம்.

தண்ணீரின் காரத்தை, அதாவது பி.எச். எண்ணை, மீட்டரில் அளந்து சுவர்ப் பலகையில் எழுத வேண்டும். நான் ஏழே முக்கால் என்று எழுதுவேன். மறுநாள் வந்து பார்த்தால் அதை அழித்துவிட்டு ஒன்பதே முக்கால் என்று எழுதியிருப்பாள். மீட்டரைப் பிடிக்கக்கூடத் தெரியாத ஜென்மம் என்று திட்டிக்கொண்டே நான் அதை அழிப்பேன்.

ஏழாம் தொட்டியில் தினமும் ஐம்பது அறுபது குஞ்சுகள் செத்தன. செத்ததையெல்லாம் வாளியில் போட்டு, காலையில் நான் பார்க்கட்டும் என்றே வாசலில் வைத்துவிட்டுப் போவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குஞ்சுகளுக்கு மூச்சுக்காற்று போதவில்லை என்று நான் ஒரு கட்டு வேலம்பாசி போட்டால், மத்தியானம் அவள் பாதியைப் பிடுங்கி எறிவாள். மறுநாள் நான் இரண்டு கட்டாகப் போடுவேன்.

"ரெண்டு பேர்ல ஒருத்தி பொய் சொல்றா," என்றார் மாமனார். "நாளைக்கு ரெண்டு பேரும் அந்தத் தொட்டிகிட்டயே உக்காருங்க, காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும். ஒரே மீட்டர். நானும் இருப்பேன். தப்பு யார் மேலயோ, அவ இனிமே கொட்டகைக்குள்ள கால் வைக்கக் கூடாது."

தாவரவியல் படித்த எனக்கு அந்த வீட்டில் என்னுடையது என்று இருந்த ஒரே இடம் அந்தக் கொட்டகை. அது மொத்தமும் எனக்கு வரப்போகிறது என்று சந்தோஷமாகவே போய் உட்கார்ந்தேன்.

ஏழு மணிக்கு மீட்டர் ஏழே முக்கால் காட்டியது. "பாத்துக்கோங்க மாமா," என்றேன். வெயில் கூரை வழியாகத் தொட்டிக்குள் இறங்கியது. பாசியிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பியது. பத்து மணிக்கு எட்டரை. பன்னிரண்டுக்கு ஒன்பதேகால். யாரும் தொட்டிக்குள் கையை விடவில்லை. இரண்டரைக்கு ஒன்பதே முக்கால், அவள் எழுதும் அதே எண். குஞ்சுகள் மேலே வந்து வாயைப் பிளந்தன. சில பக்கவாட்டில் சாய்ந்தன.

மூத்தவள் எழுந்து, முழங்கை வரை நனைய, பாசியை வாரி வாரி வெளியே போட்டாள்.

"என்ன நடக்குது? நீதான படிச்சவ, சொல்லு," என்றார் மாமனார்.

தெரியாது என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். அவள் முன்னால் அந்த வார்த்தை எனக்கு வரவில்லை. சொன்னேன். நிலத்துச் செடிக்குக் காற்றிலிருந்து கரியமில வாயு தாராளமாகக் கிடைக்கும். தண்ணீருக்குள் அது நத்தை வேகத்தில்தான் வந்து சேரும். வெயில் ஏற ஏறப் பாசி இருப்பதையெல்லாம் தின்று தீர்த்துவிடும். பல செடிகள் அதோடு நின்றுவிடும், வேலம்பாசி நிற்காது. தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டிலிருந்தும் கார்பனைப் பிடுங்கும். அப்போது தண்ணீரில் காரம் ஏறும், இலைமேல் சுண்ணாம்பு தானாகப் படியும். காரம் ஏறினால் மீன் கழிவிலுள்ள அம்மோனியா விஷமாகும். ராத்திரி பாசியும் மீனும் விடுகிற மூச்சில் விடிவதற்குள் தண்ணீர் பழையபடி ஆகிவிடும்.

"அப்ப யாரும் சுண்ணாம்பு போடல," என்றார் அவர்.

"இல்ல மாமா."

"பாசி கூடுனா இதுவும் கூடுமா?" என்று மூத்தவள் கேட்டாள். இரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி.

"கூடும்."

"இதெல்லாம் இன்னைக்குத்தான் உனக்குத் தெரிஞ்சுதா?"

"காலேஜ்லயே படிச்சேன். பரீட்சைலகூட எழுதியிருக்கேன்." அதையும் பெருமையாகத்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான் இருவரும் என்னைப் பார்த்த பார்வை உறைத்தது.

"தெரிஞ்சேதான் தினம் ரெண்டு கட்டு போட்டியா? என் நேரத்துல சாகட்டும்னு?"

"சத்தியமா இல்லக்கா. தோணவே இல்ல."

அதுதான் உண்மை. அவள் எழுதிய எண்ணை ஒரே ஒரு நாள் எண்ணாகப் பார்த்திருந்தால் தோன்றியிருக்கும். நான் அவள் மூஞ்சியை அழிப்பதாக நினைத்துக்கொண்டே அழித்தேன். ஆனாலும் நான் சொன்னது என் காதுக்கே பொய்யாகக் கேட்டது.

மாமனார் என்னைத் திட்டவில்லை. மூத்தவள் பக்கம் திரும்பி, "நாளைலேர்ந்து காலையும் நீயே பாத்துக்கம்மா," என்றார்.